சென்னையில் மூன்று நாள்: செத்த காலேஜ், சிலை மனிதர், இன்னும் எவை? ஆலோசனை வேண்டும்

பள்ளத்தூர் வாசகர் கேட்கிறார்:

அன்புடையீர், வணக்கம்.

காலாண்டு விடுமுறையில் என் தாயார், மனைவி, இரு பிள்ளைகள் ஆகியோருடன் சென்னையில் மூன்று நாள் தங்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். உறவினர் திருமணங்களுக்காகப் பலமுறை போயிருக்கிறோம். ஆயினும் மண்டபத்துக்கும் விடுதிக்கும் இடையே உள்ள சாலையைத் தவிர அந்த ஊரில் நாங்கள் எதையும் பார்த்ததில்லை. இம்முறை திருமணம் ஏதும் இல்லை. ஊரைப் பார்ப்பதற்காகவே போகிறோம்.

சிக்கல் என்னவென்றால், ஐந்து பேருக்கும் ஐந்து விருப்பங்கள். என் தாயாருக்கு 78 வயது. சமதரையில் நன்றாக நடப்பார். படி ஏறினால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். "கல்யாணமான புதுசுல உங்க அப்பச்சி என்னயச் செத்த காலேஜுக்கும் உயிர்க் காலேஜுக்கும் கூட்டிக்கிட்டுப் போனாக. அது ரெண்டையும் இன்னொரு தடவை பாத்தாப் போதும்" என்கிறார். முன்னது எழும்பூர் அருங்காட்சியகம், பின்னது மூர் மார்க்கெட் பக்கம் இருந்த விலங்குக் காட்சிசாலை என்பது விசாரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று யாரேனும் சொன்னால் மகிழ்வேன்.

8 வயது மகனுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்கும் 'சிலை மனிதர்' ஒருவரைப் பார்த்தால் போதும். கைப்பேசியில் அவருடைய காணொளியைப் பார்த்ததிலிருந்து, அவரைச் சிரிக்க வைப்பதற்கான முகபாவங்களைக் கண்ணாடி முன் பயின்றுகொண்டிருக்கிறான். 12 வயது மகளோ, "நம்ம வீட்டுல இருக்கிறது எல்லாமே பழசுதானே அப்பச்சி, அங்க போயும் பழசையா பாக்கணும்?" என்று கேட்கிறாள். இதற்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. என் விருப்பம் எழும்பூரில் உள்ள ஐம்பொன் திருமேனிகள். மனைவியின் விருப்பம் தியாகராய நகர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அருங்காட்சியகங்களையும் இத்தகைய வேடிக்கை இடங்களையும் கலந்து, ஒரு நாளைக்கு எத்தனை இடம் என்று வைத்துக்கொள்வது நல்லது? வெள்ளிக்கிழமை விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறி நண்பகலில் எழும்பூரில் இறங்கி, நேரே அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு. சரியா?

தேவகோட்டையான் (சென்னையில் வசிப்பவர்):

ஐயா, வணக்கம். உங்கள் கணக்கில் ஒரே ஒரு பிழை உண்டு. ஆனால் அது பயணத்தையே கெடுத்துவிடக்கூடிய பிழை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அப்படியே. செவ்வாய்க்கிழமை, பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ராவும் வண்டலூர்ப் பூங்காவும் திறந்திரா. திங்கட்கிழமை வடநெம்மேலி முதலைப் பண்ணை இல்லை. இந்த ஊரில் இடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கிழமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் முதன்முதலில் இங்கே வந்தபோது இரண்டு வெள்ளிக்கிழமைகளை அந்தப் பூட்டிய வாயிலில் கழித்தவன் என்பதால் சொல்கிறேன். சனிக்கிழமை புறப்படுங்கள்.

பெயர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியபோது நுங்கம்பாக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தில்தான் இயங்கியது. எழும்பூருக்கு மாறிய பிறகும் 'காலேஜ்' என்ற சொல் மக்கள் வாயில் நின்றுவிட்டது போலும். பாடம் செய்த பறவைகளும் எலும்புக்கூடுகளும் இருந்ததால் அது செத்த காலேஜ் ஆயிற்று. அதன் முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், உயிருள்ள விலங்குகளையும் வைத்தால் கூட்டம் வரும் என்று கருதி, 1855-இல் அந்த வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். அதுதான் பின்னர் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பூங்காவுக்கு இடம் மாறி, 1985-இல் வண்டலூர் போய்ச் சேர்ந்தது. ஆகவே உங்கள் தாயார் பார்த்த உயிர்க் காலேஜ் அந்த இடத்தில் இப்போது இல்லை. ஆனால் நீங்கள் வரும் ரயில் வண்டலூரைத் தாண்டித்தான் வரும்.

வண்டலூரைக் கடந்து சிறிது நேரத்தில் பல்லாவரம் வரும். பிள்ளைகளைச் சன்னல் ஓரம் உட்கார வையுங்கள். 1863-ஆம் ஆண்டு மே மாதம் அங்கேதான் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அறிவுலகம் ஏற்ற முதற்சான்றுகளில் அது ஒன்று. அவருடைய சேகரிப்பை 1904-இல் எழும்பூர் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. ரயிலில் கடந்த ஊரின் கல்லை அதே பிற்பகலில் பார்க்கலாம் என்று சொன்னால் உங்கள் மகள் சற்றே நிமிர்ந்து உட்காரக்கூடும்.

எழும்பூரில் செய்யக்கூடாத ஒன்று, முழுவதையும் பார்க்க முயல்வது. ஆறு கட்டடங்களில் 40-க்கும் மேற்பட்ட கூடங்கள் இருக்கின்றன. மூன்றாவது கூடத்துக்குப் பிறகு கண் பார்க்கும், மனம் பார்க்காது. என் தெரிவு மூன்றே மூன்று. அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் முதலாவது: குண்டூர்ப் பக்கத்து ஸ்தூபியிலிருந்து 1845-இல் வால்டர் எலியட் தோண்டி அனுப்பியவற்றில் பெரும்பகுதி இலண்டனுக்குப் போயிற்று, இங்கும் ஒரு பெரும் தொகுதி இருக்கிறது. ஐம்பொன் கூடம் இரண்டாவது. அங்கே திருவாலங்காட்டு நடராசரிடம் கால் மணி நேரம் நில்லுங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இத்திருமேனியின் புகைப்படங்களை மட்டுமே பார்த்து ஒரு கட்டுரையே எழுதினார். நாம் நேரில் நின்று பார்க்கிறோம். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரை முன்னிருந்து மட்டும் பார்க்காமல், இயன்றால் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். வலப்பாதியின் நிற்கும் முறையும் இடப்பாதியின் வளைவும் அப்போதுதான் தனித்தனியாகப் புரியும். மூன்றாவது, மகனுக்காகத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. தாயாருக்கு மேல்மாடிகள் வேண்டா. தரைத்தளத்தில் காண்பவையே போதிய அளவு உண்டு, வளாகத்தில் மரநிழலும் உண்டு.

பெரம்பூர் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்தில் சிறுவர் ரயில் ஓடும். கோட்டூர்புரத்துக் கோளரங்கில் தமிழிலேயே காட்சி உண்டு. இரண்டும் நல்லவை, ஆனால் மூன்று நாளில் இடம் பிடிக்கா.

முனீஸ்வரன் கோவில் தெருக் கடைக்காரர்:

மகள் கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். ஏனெனில் பழையதை விற்றுப் பிழைப்பவன் நான்.

முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்கு அந்தக் குழந்தையை அழைத்துப் போங்கள். 1996-இல் திறக்கப்பட்ட இடம். தமிழகம், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நான்கு பக்கத்து வீடுகளையும் பிரித்து எடுத்து வந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று நம் பக்கத்து வணிகர் வீடு. முதல் தடவை நான் அங்கே போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது. காரைக்குடியிலிருந்து 400 கிலோமீட்டர் பயணம் செய்து, சீட்டு வாங்கி, நம் வீட்டு வாசற்படியையே மிதிப்பதா என்று மனைவியிடம் சலித்துக்கொண்டேன். நடராசருக்குக் கால் மணி நேரம் கொடுக்கச் சொன்ன அன்பர் இந்த வீட்டுக்கு அரை மணி நேரமாவது கொடுக்கச் சொல்லியிருக்கலாம்.

கோபம் தணிந்த காரணத்தையும் சொல்லவேண்டும். என் கடைக்கு வரும் பொருள்கள் எப்படி வருகின்றன என்பதை இந்தப் பகுதியினர் அறிவர். பங்காளிகள் ஏழெட்டுப் பேர், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் எங்கேயென்றே தெரியவில்லை. வீடு ஒழுகத் தொடங்கும். ஒரு நாள் உடைத்துவிடுவார்கள். பர்மாத் தேக்குத் தூண் ஒரு வண்டியில், நிலைக்கதவு வேறொரு வண்டியில், பெல்ஜியம் கண்ணாடி என் கடையில், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் தூளாகி ரோட்டோரத்தில். தூணை வாங்குகிறவருக்கு அது எந்த வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) நின்றது என்பது தெரியாது. நானும் எழுதி வைப்பதில்லை. முட்டுக்காட்டு வீட்டின் முன்னே நிற்கும்போது, தூணும் கதவும் ஒன்றையொன்று பிரியாமல் நிற்கின்றனவே என்ற எண்ணம்தான் எனக்குத் தோன்றியது. பழையது எல்லா வீட்டிலும் இருக்கிறது, அம்மா. அது என்ன, யாருடையது, எங்கிருந்து வந்தது என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு நம் வீட்டில் இல்லை, அங்கே இருக்கிறது.

கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனால் தாழ்ந்த மரக்கூண்டு ஒன்று எங்கே என்று கேளுங்கள். சீனத்தில் 1840-இல் சிறைப்பட்ட மெட்ராஸ் பீரங்கிப் படை அதிகாரி ஒருவரை அதற்குள்தான் அடைத்து வைத்திருந்தார்கள். மனிதன் நிமிர்ந்து நிற்கவும் முடியாது, காலை நீட்டவும் முடியாது. பீங்கான், துப்பாக்கி, பிரபுக்களின் ஓவியம் என்று எத்தனையோ இருக்கும் அந்தக் கட்டடத்தில், என் பேரன் வீடு திரும்பி ஒரு வாரம் பேசியது அந்தக் கூண்டைப் பற்றித்தான். தலைமைச் செயலகம் அதே வளாகத்தில் இருப்பதால் வாயிலில் சோதனை உண்டு. அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள்.

கோட்டையூர் மகள்:

முன்னே எழுதிய இருவரும் பெரியவர்களுக்கும் மகளுக்கும் வழி சொல்லிவிட்டார்கள். மற்றவர்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

தியாகராய நகரில் உங்கள் இல்லாள் துணி எடுக்கும் நேரத்தில், ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்குப் போய்வாருங்கள். அவருடைய கார், பரிசுப் பொருள்கள், பட்டங்கள் இவற்றோடு, பாடம் செய்யப்பட்ட சிங்கம் ஒன்றும் அங்கே நிற்கிறது. அவர் தம் படத்துக்காக வளர்த்த சிங்கம், பெயர் ராஜா. உங்கள் தாயாருடைய செத்த காலேஜுக்கு இதை ஒரு கிளையென்று சொல்லலாம். அதற்கும் செவ்வாய் விடுமுறை.

மெரினா கடற்கரைச் சாலையில் வட்டமான முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லம், முதலில் ஐஸ் ஹவுஸ். 1842-இல் டியூடர் என்ற அமெரிக்கருடைய நிறுவனத்துக்காகக் கட்டியது. பாஸ்டனில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளுக்குள் பொதிந்து, கப்பலில் பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டுவந்து இந்தக் கட்டடத்தில் சேமித்து மெட்ராஸ்காரர்களுக்கு விற்றிருக்கிறார்கள். ரங்கூனிலிருந்து தேக்கு வந்ததை வியக்கும் நாம், வழியிலேயே கரைந்துபோகக்கூடிய சரக்கைக் கப்பலில் ஏற்றியவருடைய துணிச்சலை என்னவென்பது! இயந்திரத்தில் இங்கேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் வாணிகம் படுத்துவிட்டது, கட்டடம் கைமாறிற்று. 1897 பிப்ரவரியில், பாம்பனில் இறங்கி நம் மானாமதுரை வழியாகச் சென்னை சென்ற விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். இப்போது அவருடைய வாழ்க்கையைக் காட்டும் காட்சியகமாக இருக்கிறது. மதியம் சில மணி நேரம் மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

வடபழனியில் ஏவி.எம். வளாகத்தில் 2023-இல் திறந்த காட்சியகத்தில் பழைய கார்களும் படப்பிடிப்புக் கருவிகளும் இருக்கின்றன. மெய்யப்பச் செட்டியார் நம் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் பிடித்தவர். 1948-இல்தான் கோடம்பாக்கம் போனார். எங்கள் ஊர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் அப்படியே சென்னைக்குப் போய், தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. நம் ஊர்ப் பொருளைப் பார்க்க நாமே சென்னைக்குப் போவது முட்டுக்காட்டில் மட்டும் நடப்பதன்று, கடைக்கார அண்ணனுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனிச் சிலை மனிதர். ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. பூங்காவின் வாயிற்காவலர் உடையில், கண்ணிமைப்பதைத் தவிர அசைவின்றி மணிக்கணக்காக நிற்கிறார். உங்கள் மகன் முகத்தைக் கோணிக் காட்டட்டும், அது விளையாட்டு. ஆனால் சில பெரியவர்கள் அவரைத் தொட்டுச் சீண்டுவதையும் காதருகே கத்துவதையும் நான் கண்டிருக்கிறேன். அது அவருடைய உத்தியோகம். வெயிலில் நின்று சம்பளம் வாங்கும் மனிதர் அவர் என்பதை முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

பள்ளத்தூர் வாசகர் (திரும்பி வந்தபின்):

அனைவருக்கும் நன்றி. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் இருந்து, செவ்வாய்ப் பிற்பகல் பல்லவனில் ஊர் திரும்பினோம். நாளுக்கு இரண்டு இடம் என்று வைத்துக்கொண்டோம்; அதிலும் ஒன்று தவறியது.

வண்டலூரை ரயில் கடக்கும்போது, உயிர்க் காலேஜ் இப்போது இங்கேதான் இருக்கிறது என்று தாயாரிடம் சொன்னேன். "இம்புட்டுத் தொலைவுக்கா தள்ளி விட்டுட்டாக?" என்று கேட்டுவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பூரில் திமிங்கிலத்தை மட்டும் உடனே அடையாளம் கண்டுகொண்டார். என் தந்தையார் அதன் முன்னே நின்று, இது நம் வீட்டு வளவுக்குள் (உள்முற்றத்துக்குள்) அடங்குமா அடங்காதா என்று எட்டு வைத்து அளந்து பார்த்தாராம். எங்களுக்கு இதுவரை சொல்லாத செய்தி. மகனும் உடனே எட்டு வைத்து அளந்தான். காவலர் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பொன் கூடத்தில் தேவகோட்டை அன்பர் சொன்ன கால் மணி நேரம் எனக்கு முக்கால் மணி ஆகிவிட்டது. மகள் தேடியது பல்லாவரத்துக் கல்லை. எத்தனையோ கற்களுக்கு நடுவே அது எதுவென்று எங்களுக்குப் பிடிபடவில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளிடம் வந்ததும் அந்த ஏமாற்றத்தை மறந்துவிட்டாள்.

ஞாயிறு காலை கோட்டைக்குப் போனோம். கூண்டைப் பார்த்தோம். மகன் அதன் அருகே குந்தி உட்கார்ந்து, இதில் எப்படித் தூங்குவது என்று கேட்டான்; நீங்கள் சொன்னபடியே இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். அங்கிருந்து ஐஸ் ஹவுஸ் போய்ச் சேர்வதற்குள் மதிய இடைவேளை வந்துவிட்டது. காலையிலேயே போகும்படி எழுதியிருந்ததைப் படித்தும் நான் செய்த பிழை. ராஜா சிங்கத்தையும் துணிக்கடையையும் அதற்கு ஈடாகப் பார்த்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை முட்டுக்காட்டில் நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். வணிகர் வீட்டுத் திண்ணையில் தாயார் உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு எந்த மாநிலத்து வீட்டுக்கும் வர மறுத்துவிட்டார். "திண்ணையில உக்காரச் சீட்டு வாங்குனது இதுதான் மொதத் தடவை, பணத்துக்குக் குறையாம உக்காந்துட்டு வாரேன்" என்றார். நாங்கள் மற்ற வீடுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது, வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். அந்த வீட்டுக்காரம்மா என்றே நினைத்துவிட்டார்கள் போலும். முகப்பு எது, பட்டாலை எது, வளவு எது, கல்யாணத்தில் யார் எங்கே உட்காருவார்கள், ஊறுகாய் சாடி எந்தக் கட்டில் இருக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, பழையதை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்ட என் மகள் பக்கத்தில் நின்று அவற்றை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர் வந்தபின் எங்கள் வீட்டு மரப்பெட்டிகளுக்கும் சாடிகளுக்கும் அப்பத்தாவிடம் கேட்டுக் கேட்டுச் சிறு சீட்டு எழுதி ஒட்டத் தொடங்கியிருக்கிறாள். இதுவரை பதினொன்று. கடைக்கார ஐயா பார்த்தால் விலை கூட்டிக் கேட்பார்.

சிலை மனிதரிடம் மகன் தோற்றான். அவர் அசையவில்லை, இவன்தான் தன் முகத்தைத் தானே நினைத்துச் சிரித்துவிட்டான். புறப்படும்போது அவருக்கு வணக்கம் சொன்னான். முதலைப் பண்ணை திங்கட்கிழமையாதலால் பூட்டியிருந்தது. அதற்காகவும் ஐஸ் ஹவுஸுக்காகவும் அடுத்த விடுமுறையில் மீண்டும் போகவேண்டுமாம். எந்தக் கிழமையில் எது மூடியிருக்கும் என்று ஒரு பட்டியல் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறான்.